பச்சையில் இழுக்கிறது

4 ஜூன்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். அங்கே நீங்களும் அம்மாவும் எப்படி இருக்கிறீர்கள் என்று போனில் கேட்டால், "நல்லா இருக்கோம், இந்தா அம்மா" என்று கை மாற்றிவிடுகிறீர்கள். அதனால்தான் மெயிலில் கடிதம். பதிலும் கடிதமாகவே வர வேண்டும். கட்டைவிரல் படம் அனுப்பினால் செல்லாது.

ஒரு உதவி வேண்டும். எங்கள் கம்பெனி ஒரு ஷூ கடைக்கு வெப்சைட் செய்கிறது. திரையில் ஒரு ஷூ இருக்கும். மௌஸால் பிடித்து இழுத்தால் அது சுற்றும். அடிப்பாகம், குதிகால், கயிறு எல்லாம் பார்க்கலாம். ஷூவைச் சுற்ற வைத்தது நான்தான். எங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டர்களில் பம்பரம் மாதிரி சுற்றுகிறது. கடை முதலாளியின் பழைய கம்ப்யூட்டரில் மட்டும், அதுவும் ஒரு பிரவுசரில் மட்டும், இழு இழு என்று இழுக்கிறதாம். கை போன பிறகு ஷூ யோசித்துக்கொண்டு பின்னால் வருகிறதாம். இங்கே யாரிடமும் அவ்வளவு பழைய கம்ப்யூட்டர் இல்லை. உங்களிடம் இருக்கிறது!

ஒரு சோதனைப் பக்கம் அனுப்பியிருக்கிறேன். திரையில் ஓர் அம்பு எரியும். உடனே ஷூவைச் சுற்றி, அதன் மூக்கை அம்புக்கு நேராகக் கொண்டுவர வேண்டும். எத்தனை நொடி ஆனது என்று கீழே காட்டும். கடை முதலாளிக்கு இழுக்கும் அந்தப் பச்சை வட்டம் போட்ட பிரவுசரில் இருபது தடவை, நீல வட்டத்தில் இருபது தடவை. பொறுமை இருக்கிறவர்கள்தான் செய்ய முடியும். அதனால் அம்மாவைக் கேட்கலாம் என்று நினைத்தேன். பிறகு உங்களையே கேட்கிறேன்.

அக்டோபரோடு என் தற்காலிக வேலைக் காலம் முடிகிறது. இந்த ஷூ ஓடினால்தான் நான் இங்கே நிற்பேன்.

பெரியவளைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள் சின்னவள்


9 ஜூன்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

இங்கே நானும் அம்மாவும் பெரியவளும் சுகம். பெரியவளுக்கு மட்டும் சைலன்ஸரில் கொஞ்சம் இருமல். நாற்பத்திரண்டு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு தினம் இரண்டு தடவை ஊரைச் சுற்றினால் எந்த ஸ்கூல் பஸ்ஸுக்கும் இருமல் வரும். பஸ்ஸை மூத்த மகள் என்று நான் சொல்வதைக் கேட்டு, "பெத்தது ஒண்ணு, ஓட்டுறது ஒண்ணு" என்று உன் அம்மா இன்னும் முறைக்கிறாள்.

பத்தாம் வகுப்பைப் பார்த்துவிட்டு வெளியே வந்தவனை கம்ப்யூட்டர் சோதனைக்குக் கூப்பிட்ட முதல் கம்பெனி உன்னுடையதுதான். தலை கால் புரியவில்லை. சட்டை மாற்றிக்கொண்டுதான் உட்கார்ந்தேன். "போட்டோ எடுக்கப் போறீங்களா?" என்றாள் உன் தாய்.

அம்பு எரிகிறது. நான் ஷூவைப் பிடிக்கிறேன். அது மாப்பிள்ளை முறுக்கோடு உட்கார்ந்திருக்கிறது. அப்புறம் நகர்கிறது. அம்புக்குப் பக்கத்தில் போய் நிற்கிறது. கொஞ்சம் தள்ளினால் தாண்டுகிறது. இருபது தடவைக்குள் எனக்கு அந்த ஷூவின் மேல் சொந்தப் பகை வந்துவிட்டது. பச்சையில் சராசரி 3.2 நொடி. நீலத்தில் 1.5. இரண்டு மடங்கு! நீ சொன்னது சரி, பச்சையில்தான் இழுக்கிறது. எல்லாவற்றையும் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். அதாவது அம்மா எழுதி வைத்திருக்கிறாள். நான் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். அவள் கையெழுத்து நன்றாக இருக்கிறது, இருக்கட்டுமே.

அடுத்த மாதம் லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டும். மருத்துவச் சான்றிதழ் கேட்கிறார்கள். வாங்கிவிட்டால் ஓய்வு பெறுகிற வரைக்கும் கவலையில்லை. இந்த வேலையை விட்டால் எனக்கு வேறு என்ன தெரியும், சொல்லு. ஷூ சுற்றத் தெரியும் என்று இப்போது சொல்லிக்கொள்ளலாம்.

நேரத்துக்குச் சாப்பிடு. ஆபீஸ் ஏ.சி. குளிருக்குக் காதை மூடு.

அப்பா


16 ஜூன்

அன்புள்ள அப்பா,

நீங்கள் எல்லாரும் நலம் என்று நம்புகிறேன். நான் நலம், நலத்துக்கும் மேலே. உங்கள் 3.2-ஐ மீட்டிங்கில் காட்டினேன். "இதுவரைக்கும் யாரும் அளந்து காட்டலையே" என்றார் எங்கள் மேனேஜர். அளந்தது யார் என்று கேட்டார். "களப் பரிசோதகர்" என்று சொல்லியிருக்கிறேன். சிரிக்க வேண்டாம்.

இனிமேல் பிடிக்க வேண்டியது, ஷூவில் எது இழுக்கிறது என்று. ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்ப்பதுதான் வழி. கயிறு இல்லாத ஷூ, தையல் இல்லாத ஷூ, பளபளப்பு இல்லாத ஷூ, கீழே விழும் நிழல் இல்லாத ஷூ என்று நான்கு அனுப்பியிருக்கிறேன். எதைக் கழற்றும்போது எண் குறைகிறதோ அதுதான் திருடன். ஒவ்வொன்றையும் பச்சையிலும் நீலத்திலும் பாருங்கள். முதல் தடவை செய்த மாதிரியே செய்யுங்கள்; எதையும் மாற்ற வேண்டாம்.

அம்மாவை ஏன் கிளார்க் ஆக்கிவிட்டீர்கள்? உங்கள் கையெழுத்தைப் பார்த்துத்தானே என் ஸ்கூல் தோழிகள் எல்லாரும் நோட்டு அட்டையில் பேர் எழுதி வாங்க வரிசையில் நிற்பார்கள்.

அன்புடன்
சின்னவள்


2 ஜூலை

அன்பு மகளே,

அனைவரும் நலம். உன் நலத்தை எழுது. பதில் தாமதமானதற்குப் பள்ளி திறந்ததுதான் காரணம். புதுசாகச் சேர்ந்த வாண்டுகள் பஸ்ஸில் ஏறும்போது அழுகிறார்கள், இறங்கும்போது இறங்க மாட்டேன் என்று அழுகிறார்கள். ஆயா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், சமாதானப் பேச்சுவார்த்தை.

நான்கு ஷூவையும் ஓட்டினோம். கயிறு இல்லாவிட்டாலும் 3.2. தையல் இல்லாவிட்டாலும் அதே. பளபளப்பு போனாலும் அதே. நிழல் இல்லாத ஷூ மட்டும் 2.6. நீலத்தில் எல்லாமே 1.5-ஐ ஒட்டித்தான். நிழலைப் பிடித்து உள்ளே போடு.

மருத்துவச் சான்றிதழ் வாங்கிவிட்டேன். டாக்டர் சுவரில் இருக்கும் எழுத்தைப் படிக்கச் சொன்னார், படித்தேன். நிறம் கேட்டார், சொன்னேன். காதுக்குப் பின்னால் விரலைச் சொடுக்கினார், கேட்டது. முத்திரை குத்தினார். கையை நீட்டச் சொல்வார் என்று நினைத்தேன். சொல்லவில்லை. ஐந்து நிமிஷம்.

போன வாரம் ஸ்கூல் கேட்டில் பெரியவளின் இடது கண்ணாடி உரசிவிட்டது. பதினெட்டு வருஷமாக அதே கேட், அதே பஸ். கேட் ஒரு அங்குலம் நகர்ந்திருக்க வேண்டும். வாட்ச்மேனிடம் சொன்னேன். "டேப் எடுத்துட்டு வரட்டா சார்?" என்கிறான் குசும்புக்காரன்.

அப்பா

பின்குறிப்பு: நான் அம்மா. கடிதம் அடிக்க உன் அப்பா ஒரு முழு மத்தியானம் எடுத்துக்கொள்கிறார். இடது கை ஒற்றை விரல். கேட்டால் "ஸ்டைல்" என்கிறார். நீயே கேள்.


20 ஜூலை

அன்புள்ள அப்பா, அம்மா,

நலமா? நான் நலமா என்று எனக்கே தெரியவில்லை. எழுதினால் தெளியும் என்று எழுதுகிறேன்.

திருடன் நிழல்தான். ஷூவுக்குக் கீழே மெத்தென்று மங்கலாக ஒரு நிழல் வைத்திருந்தேன். ஷூ திரும்பும் ஒவ்வொரு முறையும் அந்த மங்கலைப் புதிதாகக் கணக்குப் போட்டு வரைய வேண்டும். அதற்கென்றே இருக்கும் வரைகலைச் சில்லிடம் நீலம் அந்த வேலையைக் கொடுத்துவிடுகிறது. பழைய கம்ப்யூட்டரில் பச்சை அப்படிக் கொடுக்காமல் தானே உட்கார்ந்து புள்ளி புள்ளியாகப் போடுகிறது. நொடிக்கு அறுபது படம் வரைய வேண்டிய இடத்தில் எட்டு, ஒன்பதுதான் முடிகிறது. இழுக்காமல் என்ன செய்யும்?

நிழலை ஒரே தடவை வரைந்து படமாக வைத்து, ஷூவுக்குக் கீழே ஒட்டிவிட்டேன். யாருக்கும் வித்தியாசம் தெரியாது. எங்கிருந்தோ ஒரு பழைய கம்ப்யூட்டர் கொண்டுவந்தார்கள். அதில் பச்சையில் முன்பு 2.1 எடுத்தது, இப்போது 1.4. நீலத்திலும் 1.4. ஆபீஸே கைதட்டியது.

ஆனால் போன வாரம் அனுப்பிய புது ஷூவை உங்கள் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்து அம்மா போனில் சொன்ன எண் என்ன? பச்சையில் 2.7. நீலத்தில் 1.5. நிழல் வரைகிற வேலையே இல்லையே, பிறகும் எதற்காக இழுக்கிறது? "ஒரு வீட்டில் இழுத்தால் ஆயிரம் வீட்டில் இழுக்கும். காரணம் தெரியாம வெளியே விடக்கூடாது" என்கிறார் மேனேஜர். வெளியீட்டை நிறுத்தி வைத்திருக்கிறார். உங்கள் ஒரு எண்ணுக்காக ஏழு பேர் காத்திருக்கிறோம்.

மௌஸ் பழசா? வேறு ஜன்னல்கள் திறந்திருக்கின்றனவா? பச்சையில் ஏதாவது கூடுதலாகப் போட்டு வைத்திருக்கிறீர்களா? அப்புறம், அது என்ன இடது கை ஸ்டைல்?

சின்னவள்


28 ஜூலை

அன்பு மகளுக்கு,

சுகம். சுகம் கேட்டு எழுதுகிறேன்.

புது மௌஸ் வாங்கியாயிற்று. சிவப்பு விளக்கெல்லாம் எரிகிறது, தீயணைப்பு வண்டி மாதிரி. கம்ப்யூட்டரைத் திறந்து தூசி ஊதினேன். உள்ளே ஒரு பல்லி முட்டை ஓடு. அம்மாவின் ஜாதகப் பக்கம், சீரியல் பக்கம் எல்லாவற்றையும் மூடச் சொன்னேன். வீட்டில் இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை. மேஜை உயரத்தை மாற்றினேன். நாற்காலியை மாற்றினேன். உட்காருகிற ஆளை மட்டும்தான் மாற்றவில்லை. பச்சையில் 2.8.

அந்தப் பிரவுசருக்கே கிரகம் சரியில்லை, அவ்வளவுதான். உங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டரில் சரியாகிவிட்டதில்லையா? கடை முதலாளிக்கும் சரியாகியிருக்கும். பிறகு என்ன? ஊரில் ஒருத்தன் வீட்டில் இழுத்தால் இழுத்துவிட்டுப் போகட்டும். என் கம்ப்யூட்டரைக் கணக்கில் சேர்க்காதே. நான் சொன்னதாகவே உன் மேனேஜரிடம் சொல்.

இடது கையைப் பற்றிக் கேட்டாய். வலது கை இத்தனை வருஷம் ஸ்டியரிங் பிடித்த கை. அதற்கு லீவு சேர்ந்துபோயிருக்கிறது, எடுக்கிறது.

என்னால் உன் வேலைக்கு ஏதும் ஆகிவிடாதே? அதை மட்டும் எழுது.

அப்பா


11 ஆகஸ்ட்

அன்புள்ள அப்பா,

நலம். நலமறிய ஆவல்.

வேலைக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் உங்கள் எண்ணைத் தூக்கிப் போட மாட்டேன். காரணம் தெரியாத எண்ணைத் தூக்கிப் போடுகிறவர்கள் இந்த வேலைக்கு வரக்கூடாது.

தப்பு என்னுடையது என்று தோன்றுகிறது. அம்பு எரிந்ததிலிருந்து ஷூ போய்ச் சேருகிற வரை மொத்தமாக ஒரே எண் எடுத்தேன். அதற்குள் மௌஸ் நகர்ந்த நேரமும் இருக்கிறது, பிரவுசர் வரைந்த நேரமும் இருக்கிறது. இரண்டையும் ஒரே சாக்கில் போட்டு எடை பார்த்திருக்கிறேன். இப்போது தனித்தனியாகப் பிரித்து எடுக்கும் பக்கம் அனுப்புகிறேன். எண் திரையில் தெரியாது, நேராக எனக்கு வந்துவிடும்.

பச்சை, நீலம் இரண்டையும் நீங்களே செய்யுங்கள். நீங்கள் மட்டும்.

சின்னவள்


14 ஆகஸ்ட்

அன்பு மகளுக்கு அப்பா ஆசிகளுடன்.

செய்தாயிற்று. இரண்டும் நானே. எண் தெரியாதது பரீட்சை எழுதிவிட்டு வந்த மாதிரி இருக்கிறது. ஆனால் சொல்கிறேன் கேள், இந்தத் தடவை பச்சையும் வெண்ணெய் மாதிரி போனது! என்ன மாயம் செய்தாயோ. இனி இழுக்கவே இழுக்காது. மேனேஜரிடம் தைரியமாகச் சொல். ஷூவை வெளியே விடு.

இங்கே எல்லாரும் நலம். பெரியவளும் நலம்.

அப்பா


30 செப்டம்பர்

அன்புள்ள அப்பா,

உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? இதை வழக்கமாகக் கேட்கிற கேள்வியாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஷூ ஆகஸ்ட் இருபதாம் தேதி வெளியே வந்தது. எனக்கு வேலை நிரந்தரம் ஆகிவிட்டது. கேக் வெட்டினார்கள். இதையெல்லாம் அம்மாவிடம் போனில் சொன்னேன். உங்களுக்குக் கடிதம் மட்டும் எழுதவில்லை. ஆறு வாரம் ஆகிவிட்டது.

ஆகஸ்ட் பதினைந்தாம் தேதியே எனக்குத் தெரியும் அப்பா.

பிரித்து வந்த எண்களில் பிரவுசரின் பங்கு பச்சையிலும் நீலத்திலும் ஒன்றேதான். உங்கள் கம்ப்யூட்டரில் எந்தக் குறையும் இல்லை. கையின் பங்கும் இரண்டிலும் ஒன்றாகவே இருந்தது. அதைப் பார்த்துத்தான் சந்தேகம். அந்தக் கை ஷூவை வேகமாக இழுக்கிறது, அம்பைத் தாண்டிப் போகிறது, பிறகு திரும்பி வருகிறது. இருபதுக்கு இருபது தடவையும் அப்படியே. கடைக்குப் போனால் வாங்க வேண்டியதைத் தாண்டி நடந்து திரும்பி வருகிறது யார் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இரண்டையும் செய்தது அம்மா.

பழைய பதிவுகளையும் எடுத்துப் பார்த்தேன். மௌஸ் போன வழி எல்லாம் எங்களிடம் சேர்ந்திருக்கிறது. ஜூனிலிருந்தே நீலத்தில் இருந்ததெல்லாம் அம்மாவின் கை. பச்சையில் மட்டும் உங்கள் கை. அம்பு எரிந்த பிறகு அது கிளம்பவே நேரமாகிறது. கிளம்பினால் நின்று நின்று போகிறது. நான் இரண்டு பிரவுசர்களை ஒப்பிடுவதாக நினைத்துக்கொண்டு உங்கள் இருவரையும் ஒப்பிட்டிருக்கிறேன்.

தெரிந்தும் ஏன் எழுதவில்லை? வெளியீடு முடியட்டும் என்றேன். பிறகு மேஜை வழுக்கியிருக்கும் என்றேன். கண்ணாடி பவர் மாறியிருக்கும் என்றேன். வாரத்துக்கு ஒரு சாக்கு. பிரவுசர் மேல் பழி போட்டுப் பழகினவள் இல்லையா.

அப்பா, மௌஸ் பிடிக்கிற கைக்கே இவ்வளவு தாமதம் என்றால் மற்றதை நான் எழுத வேண்டாம். பஸ்ஸில் நாற்பத்திரண்டு பேர் இருக்கிறார்கள். தயவுசெய்து நாளையிலிருந்து ஓட்டாதீர்கள். முதலில் டாக்டரைப் பாருங்கள். முத்திரை குத்துகிற டாக்டரை இல்லை.

கோபம் இருந்தால் கோபமாக எழுதுங்கள். எழுதாமல் மட்டும் இருக்காதீர்கள்.

சின்னவள்


8 அக்டோபர்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது.

நான் எழுதுவது அவருக்குத் தெரியாது. அவர் குளிக்கப் போயிருக்கிறார். இப்போதெல்லாம் அதற்கு முக்கால் மணி நேரம் ஆகிறது, அதனால் அவசரமில்லாமல் எழுதலாம்.

உன் கடிதத்தைப் படித்தார். கம்ப்யூட்டரை அணைத்தார். மேலே துணியைப் போட்டு மூடினார். அன்றிலிருந்து பேச்சு "சாப்பாடு போடு" "வேண்டாம்" இவ்வளவுதான். மறுநாள் காலையில் வழக்கம்போல பஸ் எடுக்கக் கிளம்பிவிட்டார்.

நீலத்தை நான்தான் செய்தேன் கண்ணு. முதல் நாள் பச்சையை முடித்துவிட்டுக் கையைத் தேய்த்துக்கொண்டே, "நீ பிடி, எனக்குப் போரடிக்குது" என்றார். அப்போதே நான் உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். ஆகஸ்டில் இரண்டையும் என்னையே செய்யச் சொன்னார். "அவ வேலை போயிடும்டி" என்றார். செய்தேன்.

இன்னொன்று. போன மாதம் ஒன்பதாம் தேதி, பஸ் ஒரு சைக்கிளை இடித்துவிட்டது. முன்னால் போனவர் நின்றார், இவர் நிறுத்துவதற்குள் சைக்கிள் பின்சக்கரம் மடங்கிவிட்டது. ஆள் குதித்துத் தப்பித்துவிட்டார். ஒரு கீறல் இல்லை. சைக்கிளைப் புதுசாக வாங்கிக் கொடுத்துவிட்டு வந்து என்னிடம் மூச்சு விடவில்லை. ஆயாதான் கடைத்தெருவில் பார்த்துச் சொன்னாள். ஒன்பதாம் தேதி ஆயாவின் மகனுக்குப் பிறந்தநாள், அதனால் அவளுக்குத் தேதி மறக்கவில்லை.

சொல்லிப் பார்த்தேன். கெஞ்சினேன். அழுதேன். திங்கட்கிழமை செருப்பைப் போட்டுக்கொண்டு போய் பஸ்ஸில் ஏறி, அவருக்குப் பின்னால் முதல் சீட்டில் உட்கார்ந்துவிட்டேன். "இறங்கு" என்றார். "நாப்பத்தி மூணாவது ஆளா வரேன், ஓட்டுங்க" என்றேன். இன்றோடு மூன்று நாளாகப் போகிறேன். நாளைக்கும் போவேன்.

நீ சாப்பிடுகிறாயா?

அம்மா


15 அக்டோபர்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

நான் சுகமாக இல்லை. அம்மா சுகம். நீ சுகமாக இருக்க வேண்டும்.

உன் கடிதத்துக்குப் பதில் எழுத இரண்டு வாரம் ஆகிவிட்டது. நீ ஆறு வாரம் எடுத்துக்கொண்டாய், நான் இரண்டு. நம் வீட்டில் யார் வேகம் என்று இதில் பார்க்காதே. முதல் மூன்று நாள் உன் மேல் கோபம். மகளுக்கு உதவி செய்யப் போய் மகளிடமே மாட்டிக்கொண்ட முட்டாள் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன் என்று அதற்கப்புறம் சிரிப்பு. சிரிப்பு அடங்கினதும் பயம். பயத்தோடேயே ஓட்டினேன்.

உன் அம்மா பஸ்ஸில் வந்து உட்கார்ந்த கதையைச் சொல்ல வேண்டும். நான் பிரேக்கில் கால் வைக்கும்போதெல்லாம் முன்னால் இருக்கிற கம்பியை இரண்டு கையாலும் பிடித்தாள். பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டாம் நாள் பக்கத்து சீட் வாண்டுகளும் பிடித்தார்கள். மூன்றாம் நாள் முழு பஸ்ஸும். நான் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுக்கிறேன், பின்னாலிருந்து ஒரு குரல் "புடிங்க!" என்கிறது, நாற்பத்திரண்டு பேரும் கம்பியைப் பிடிக்கிறார்கள், பஸ் நின்றதும் ஒரே சிரிப்பு. அவர்களுக்கு விளையாட்டு. அவர்கள் பிடித்து முடித்து, சிரிக்கத் தயாரான பிறகுதான் என் கால் பிரேக்குக்குப் போய்ச் சேர்கிறது. கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இருந்தேன். கை தாமதம் என்று நீ எழுதினாய். கை பரவாயில்லை மகளே. காலைப் பற்றி உன் எண்ணில் இல்லை. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

நான்காம் நாள் காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டேன். பஸ்ஸை ஷெட்டில் விட்டேன். சாவியைக் கொண்டுபோய் டிரான்ஸ்போர்ட் ஆபீசர் மேஜையில் வைத்தேன்.

"என்னண்ணே இது?"

"என்னால ஓட்ட முடியாது சார். உடம்பு சரியில்ல."

"சரி, ரெஸ்ட் எடுங்க. ஆனா வேற ஆள் கிடைக்கணுமில்ல? இந்த வாரம் மட்டும் சமாளிச்சிடுங்க. இந்த ரூட்டை நீங்க கண்ணை மூடிக்கிட்டு ஓட்டுவீங்களே."

அந்த வார்த்தைக்குத்தான் பதினெட்டு வருஷம் பெருமைப்பட்டிருக்கிறேன். "சாயங்காலம்கூட ஓட்ட மாட்டேன் சார்" என்றேன்.

சாயங்காலம் ஓட்ட ஆள் வரவில்லை. பிள்ளைகளைக் கூட்டிப் போகச் சொல்லி எல்லா வீட்டுக்கும் போன் போட்டார்கள். பெற்றவர்கள் ஆபீஸை விட்டு, கடையைப் பூட்டிவிட்டு, வேர்க்க விறுவிறுக்க வந்தார்கள். நான் வீட்டுக்குப் போயிருக்கலாம். கேட்டிலேயே நின்றேன். "வாட்டசாட்டமா நிக்கிறாரு, ஓட்டினா என்னவாம்?" "சம்பளம் வாங்குறீங்கல்ல?" ஒவ்வொருத்தரும் போகிற போக்கில் ஒன்று. நகைச்சுவையாக ஏதாவது சொல்லித் தப்பிப்பதுதானே என் வழக்கம்? ஒன்றும் வரவில்லை.

"பிரேக் போடணும்னு நினைச்சா, கால் உடனே வரமாட்டேங்குது" என்றேன். "அதான் ஓட்டல."

ஒரு அம்மா தன் பெண்ணின் கையைப் பிடித்திருந்தவள், இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தாள். கடைசிப் பிள்ளை போகிற வரைக்கும் நின்றுவிட்டு, நானும் உன் அம்மாவும் நடந்தே வந்தோம். பாதி வழியில், "கால் வலிக்குதா?" என்றாள். "வலிச்சா பரவாயில்லையே" என்றேன்.

நேற்று நரம்பு டாக்டரைப் பார்த்தோம். விரலைத் தட்டச் சொன்னார், நடக்கச் சொன்னார், திரும்பச் சொன்னார். என்ன நோய் என்று பேர் சொல்ல இன்னும் சில சோதனை பாக்கி. மருந்து இருக்கிறது என்றார். "எப்போலேருந்து இப்படி? எவ்வளவு தாமதம்?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. "என் பொண்ணுகிட்ட எழுதி வச்ச கணக்கு இருக்கு" என்றேன். நிமிர்ந்து பார்த்தார். அதை அனுப்பு. அடுத்த வாரம் கேட்பார்.

ஒரு விஷயத்தை நானே சொல்லிவிடுகிறேன். எப்படியும் யாராவது உன் காதில் போடுவார்கள். ஒரு சைக்கிளை இடித்துவிட்டேன். ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அது ஜூலையில் நடந்தது. நீ அந்த எண்களைப் பார்ப்பதற்கு ரொம்ப முன்னாலேயே. எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, ஜூலைதான். நீ ஆகஸ்டில் உடனே எழுதியிருந்தாலும் அதைத் தடுத்திருக்க முடியாது. ஆகவே அந்த ஆறு வாரத்தைப் போட்டு மனசைக் குழப்பிக்கொள்ளாதே. நேரத்துக்குத் தூங்கு.

அப்பா


17 அக்டோபர்

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. நான்கு தடவை படித்தேன். நான் நலம் என்று எழுத வரவில்லை. நீங்கள் சாவியை வைத்துவிட்டீர்கள், அது போதும்.

ஜூன் ஒன்பதிலிருந்து ஜூலை இருபத்தெட்டு வரைக்கும் உள்ள கணக்கைச் சேர்த்து அனுப்பியிருக்கிறேன். அம்மாவின் கை தனி, உங்கள் கை தனி. அம்பு எரிந்தபின் உங்கள் கை கிளம்ப எடுத்துக்கொண்ட நேரம் முதல் பத்தியில். ஜூனில் முக்கால் நொடிக்குக் கொஞ்சம் கீழே. ஜூலைக் கடைசியில் முக்கால் நொடிக்கு மேலே. அம்மாவுக்கு எப்போதும் கால் நொடிதான். நடுவில் எத்தனை இடத்தில் நின்றது என்பது அடுத்த பத்தியில். அச்செடுத்து டாக்டரிடம் கொடுங்கள். நவம்பர் இரண்டாம் தேதி வருகிறேன், மூன்று வாரம் லீவு. அடுத்த சோதனைக்கு நானும் கூட வருவேன்.

சைக்கிள் விஷயத்தையும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். கால் எப்போது தாமதமாக ஆரம்பித்தது என்று அவர் தேடும்போது தேதி தப்பாக இருக்கக்கூடாது. கணக்கில் ஒன்று தப்பாக இருந்தால் எங்கே இழுக்கிறது என்று கண்டுபிடிக்கவே முடியாது. இந்த வருஷம் நான் படித்தது அது ஒன்றுதான்.

அதனால் அவரிடம் செப்டம்பர் ஒன்பது என்றே சொல்லுங்கள் அப்பா. எனக்கு ஜூலையாகவே இருக்கட்டும்.

உங்கள்
சின்னவள்